குரங்குக் காய்ச்சல் உண்ணி: எங்கே, எப்போது என்பதில் செய்யும் தவறுகள்

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது, 1957-இல் கண்டறியப்பட்டது இந்தக் காய்ச்சல். இன்று வயநாடு, நீலகிரி, கோவா வரை அதன் தடம் இருக்கிறது. பரப்புவது காட்டு உண்ணி. அது எங்கே, எந்த மாதத்தில் காத்திருக்கும் என்பதைத்தான் பலரும் தப்பாகக் கணிக்கிறார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் ஆபத்தும் முடிந்தது என்று நினைப்பது பெரிய தவறு. மழையில் நடமாடுவது பெரும்பாலும் வளர்ந்த உண்ணிகள். அவை மாடு போன்ற பெரிய விலங்குகளைத் தேடுகின்றன. அவை இட்ட முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் அடுத்த வளர்ச்சி நிலைக்கு வரும்போது நவம்பர், டிசம்பர் ஆகிவிடும். மனிதர்களை அதிகம் கடிப்பது இந்த இளம் உண்ணிகள்தான். உருவம் மிகச் சிறியது என்பதால் கண்ணுக்கே படாது. டிசம்பர் முதல் மே வரை காய்ச்சல் கூடுவது இதனால்தான். விறகு வெட்டவும் சருகு அள்ளவும் மக்கள் காட்டுக்குப் போகும் மாதங்களும் இவையே.

வெயிலில் உண்ணி காய்ந்து செத்துவிடாதா? வெட்டவெளியில் சாகும். ஆனால் சருகின் அடியில் ஈரம் தங்கும், அதுதான் அதன் வீடு. உண்ணி மரத்திலிருந்து குதிப்பதில்லை. சருகிலிருந்து சிறு செடிகளில் ஏறி, உரசிப் போகிறவர்களைப் பற்றிக்கொள்கிறது. எனவே சருகின்மேல் உட்காராதீர்கள், அதை அள்ளிவந்து வீட்டோரம் குவிக்காதீர்கள்.

அடர்காட்டுக்குப் போனால்தான் ஆபத்து என்பதும் சரியல்ல. காட்டை வெட்டி வயலும் பாக்குத் தோப்பும் ஆக்கிய ஓரங்களில் மாடு, குரங்கு, மனிதர் மூவரும் சந்திக்கிறார்கள். மேய்ந்த மாட்டின் ரத்தத்தில் கொழுத்து விழும் உண்ணி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மாட்டுக்கு நோய் வராது என்பதற்காக அதன் மேலுள்ள உண்ணியை விட்டுவைக்க வேண்டாம்.

செத்த குரங்கின் அருகே போகவே கூடாது. உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் இறங்கி அந்த இடத்தைச் சுற்றிப் பரவும். சுகாதாரத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

கடித்த உண்ணியை நெருப்பால் சுடாமல், நசுக்காமல், சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். காட்டுக்குப் போய்வந்த மூன்று முதல் எட்டு நாளில் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், போய்வந்த இடத்தை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.