எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் வாங்க: கணினியில் ஒரு தொடக்கப் பயிற்சி

ஒரு ஆம்பியர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள். அதை எண்ணுவது நடக்காத காரியம். நொடிக்கு 50 மட்டும் போனால்? மின்னோட்டம் வெறும் 8 அட்டோஆம்பியர் (அட்டோ என்றால் 10⁻¹⁸). சாதாரண அம்மீட்டருக்குத் தெரியவே தெரியாது. எண்ணித்தான் ஆக வேண்டும்.

படி 1: சூழலைப் புரிந்துகொள்ளுங்கள். குவாண்டம் புள்ளி என்பது எலக்ட்ரான்களை அடைத்து வைக்கும் மிகச் சிறிய இடம். 100 அட்டோஃபாரட் மின்தேக்குத்திறன் (C) கொண்ட புள்ளியில் ஒரு எலக்ட்ரானை ஏற்ற e²/2C, அதாவது 0.8 மில்லி எலக்ட்ரான்வோல்ட் வேண்டும் (e என்பது எலக்ட்ரானின் மின்னூட்டம்). அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலே 26 மில்லி எலக்ட்ரான்வோல்ட். எலக்ட்ரான்கள் இஷ்டத்துக்குப் போய் வரும். 0.1 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அது 0.009 ஆகிவிடும், எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகத்தான் போய் வரும்.

படி 2: சிக்னலை உருவாக்குங்கள். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு குறுகிய மின்பாதைதான் உணர்வி. எலக்ட்ரான் புள்ளிக்குள் வந்தால் உணர்வியின் மின்னோட்டம் ஒரு படி இறங்கும், வெளியேறினால் ஏறும். ஒவ்வொரு நிலையும் நீடிக்கும் நேரம் t = −ln(u)/Γ. இதில் u என்பது 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ரேண்டம் எண். Γ என்பது நிகழ்வு வீதம்; நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் நொடிக்கு 100. அப்புறம் கொஞ்சம் இரைச்சலையும் சேருங்கள்.

படி 3: எண்ணுங்கள். எல்லைக்கோடு ஒன்றே ஒன்று வைத்தால் இரைச்சலே எலக்ட்ரானாகக் கணக்கில் ஏறும். மேலே ஒன்று, கீழே ஒன்று வையுங்கள்; இரண்டையும் தாண்டினால்தான் அது ஒரு படி. இறங்கும் படிகளை மட்டும் எண்ணுங்கள்.

படி 4: விஷயமே இங்கேதான். பதிவை ஒரு நொடித் துண்டுகளாக வெட்டி, எண்ணிக்கைகளின் சராசரியையும் விலக்க வர்க்கச் சராசரியையும் கணக்கிடுங்கள். சராசரி 50 பக்கம் வரும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஃபேனோ காரணி. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் வந்தால் பாய்சான் பரவல், காரணி 1. உங்களுக்கோ 0.5 பக்கம் வரும். உள்ளே இருப்பது வெளியேறாமல் அடுத்தது நுழைய முடியாது. அந்தக் காத்திருப்புதான் வரிசையை ஒழுங்காக்குகிறது. வெளியேற்றத்தை மட்டும் 10 மடங்கு வேகமாக்கிப் பாருங்கள், 0.83க்கு ஏறும்.

படி 5: உணர்வியைச் சந்தேகப்படுங்கள். சிக்னலை 2 மில்லிநொடிக்குச் சராசரியாக்கினால் குறுகிய வருகைகள் மறைந்துபோகும். எண்ணிக்கை குறையும், ஃபேனோ காரணியும் குறையும். பார்க்க நல்ல ஒழுங்கு போலிருக்கும், ஆனால் அது பொய். நிலைகள் நீடித்த நேரங்கள் ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்தன என்பதை மடக்கை அளவில் வரையுங்கள், நேர்கோடு வர வேண்டும். அதன் தொடக்கத்தில் குழி விழுந்திருந்தால் உணர்வி மெதுவானது.

துல்லிய அளவீட்டிலும் இதே எண்ணும் முறைதான். எலக்ட்ரான் பம்ப் சுழற்சிக்கு ஒன்றைத் தள்ளும். 1 கிகாஹெர்ட்ஸில் 160 பிகோஆம்பியர். 2019 முதல் e-யின் மதிப்பு 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று நிலையாக வரையறுக்கப்பட்டுவிட்டதால், எத்தனை சுழற்சி தவறியது என்பதை மட்டும் எண்ணினால் போதும்.