வீட்டிலேயே ராக் பாட்டு பாடிப் பதிவு செய்ய: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பழைய ராக் பாட்டுகளைப் பாடி வீட்டிலேயே பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வி மூன்றாவதாக வரட்டும். பாட்டு உங்கள் தொண்டைக்குப் பொருந்துகிறதா, அறை அடங்கிக் கிடக்கிறதா என்ற இரண்டும் சரியாக இருந்தால், போனில் எடுத்த பதிவுகூடக் கேட்கும்படி இருக்கும். இல்லையென்றால் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் வீண்தான்.

1. பாட்டும் சுருதியும்

எடுத்த எடுப்பில் குவீனின் 'பொஹீமியன் ராப்சடி' வேண்டாம். 1975-இல் வந்த அந்தப் பாட்டின் நடுப்பகுதிக்காக மூன்று பேர் அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். அதே ஆண்டு வந்த பிங்க் ஃப்ளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' நல்ல தொடக்கம். நீளமான கிட்டார் முன்னிசை, அதன் பிறகு அலட்டிக்கொள்ளாத குரல். கத்த வேண்டிய இடமே இல்லை.

அடுத்தது சுருதி. அசல் சுருதியிலேயே பாடினால்தான் மரியாதை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வை அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டான் ஃபெல்டர் முதலில் அமைத்தது இ மைனரில். பாட வேண்டிய டான் ஹென்லிக்கு அது எட்டவில்லை என்று பி மைனருக்கு மாற்றினார்கள். நாம் 'அசல்' என்று கும்பிடும் சுருதியே பாடகரின் தொண்டைக்காக இறங்கி வந்ததுதான். அப்புறம் நமக்கென்ன கூச்சம்?

பாட்டின் உச்ச வரியை மட்டும் தனியாகப் பாடிப் பாருங்கள். வரிசையாக மூன்று முறை கழுத்து நரம்பு புடைக்காமல் பாட முடிந்தால் அந்தச் சுருதி உங்களுடையது. முடியாவிட்டால் கரோக்கி டிராக்கை அரை அரைக் கட்டையாக இறக்குங்கள். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் 'சேஞ்ச் பிட்ச்' என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. மூன்று நான்கு அரைக் கட்டைக்கு மேல் இறக்கினால் டிரம்ஸ் சத்தம் குழைந்துபோகும். அந்த நிலைமை வந்தால் வேறு டிராக் தேடுங்கள், அல்லது நீங்களே கிட்டார் வாசித்துக்கொள்ளுங்கள்.

2. அறை

அறையின் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டுங்கள். 'டிங்' என்று வால் நீண்டு ஒலித்தால், அந்த வால் உங்கள் குரலிலும் ஒட்டிக்கொள்ளும். எதிரொலியைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஆனால் பதிவோடு வந்ததைச் சுத்தமாக எடுக்க முடியாது. அதனால்தான் குளியலறைப் பாடகர்கள் குளியலறையில் பதிவு செய்யக்கூடாது.

இந்த எதிரொலியை அடக்க மெத்தையை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் வைப்பார்கள். சாதாரணப் பாடும் மைக் எதிரே இருப்பதைத்தான் அதிகமாகக் கேட்கும், முதுகுப் பக்கம் அதற்குக் காது மந்தம். மைக் பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே மெத்தையோ தடித்த போர்வையோ உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றாலும் போதும். முட்டை அட்டைகளை வாங்கிச் சுவரில் ஒட்டுவது வீண் வேலை.

ஃபேனை நிறுத்துங்கள். குக்கர் விசில் எப்போது வரும் என்று சமையலறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பதிவில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடினால் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பாதி நேரம் அதுதான் காரணமாக இருக்கும்.

3. மைக்

கண்டென்சர் மைக் நுணுக்கமானது. தெருமுனையில் நாய் குரைப்பதையும் அதே நுணுக்கத்தோடு பிடிக்கும். சத்தமான வீட்டுக்கு டைனமிக் மைக்கே நல்லது. 1966-இலிருந்து விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் அடி வாங்கிக்கொண்டு உழைக்கிறது. அதைக் கணினியோடு இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி தேவை. அந்தச் செலவு வேண்டாம் என்றால் யூஎஸ்பி மைக் போதும். காதை முழுக்க மூடும் ஹெட்போன் மட்டும் கட்டாயம். இல்லாவிட்டால் பின்னணி இசையும் மைக்குக்குள் போய்விடும்.

4. பதிவு

பதிவு மென்பொருளின் அமைப்பில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் மிகச் சத்தமான வரியைப் பாடி, சத்த அளவைக் காட்டும் மீட்டர் −12-க்கும் −6 டெசிபெலுக்கும் இடையில் நிற்கும்படி மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகைத் திருப்புங்கள். மீட்டர் 0-ஐத் தொட்டால் குரல் கிழியும், அதைத் தைக்க வழி இல்லை.

மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம் நில்லுங்கள். மெல்லிய வரிக்குச் சற்று முன்னே, உரத்த வரிக்கு ஓரடி பின்னே. ராக் பாட்டில் சத்தம் ஏறி இறங்குவது அதிகம் என்பதால் இந்த நகர்வு முக்கியம். 1977-இல் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டுக்காகப் பெர்லினின் ஹன்சா ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக் வைத்தார்: ஒன்று சுமார் 9 அங்குலத்தில், அடுத்தது 20 அடியில், கடைசி 50 அடியில். போவி குரலை உயர்த்த உயர்த்தத்தான் தூரத்து மைக்குகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அவ்வளவு பெரிய கூடம் நம்மிடம் இல்லை, ஆனால் காலை நகர்த்த இடம் இருக்கிறது.

முழுப் பாட்டையும் நான்கைந்து முறை பாடி, ஒவ்வொன்றிலிருந்தும் நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேருங்கள். இது ஏமாற்று வேலை அல்ல, ஸ்டுடியோக்களில் அன்றாடம் நடப்பது.

நம் ஊர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம். மெய்யில் முடியும் ஆங்கிலச் சொல்லின் வாலில் நம்மையறியாமல் ஓர் 'உ' வந்து ஒட்டும். உயிரொலியில் நீட்டி, கடைசி மெய்யை டக்கென்று மூடிவிடுங்கள். கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்குச் சுருதியும் மூச்சும் கைவந்திருக்கும், ஆனால் எல்லாச் சுரத்திலும் கமகம் எட்டிப் பார்க்கும். நேராகப் போய்ச் சுரத்தில் நின்று பழகுங்கள்.

கரகரப்புக் குரலைத் தொண்டையை இறுக்கி வரவழைக்காதீர்கள். வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். கம்மிய குரல் இரண்டு வாரம் தாண்டியும் சரியாகாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

5. கலவை (மிக்சிங்)

100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டுங்கள், குரலுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. கம்ப்ரஸர் என்ற வசதியின் விகிதத்தை 3:1-இல் வைத்து உரத்த இடங்களைக் கொஞ்சம் அமுக்குங்கள். இரைச்சலைக் குறைக்கும் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' கை நடுங்க நடுங்கப் போட வேண்டிய மருந்து, கூடினால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) இருப்பது தெரிந்துவிட்டால் கொஞ்சம் குறையுங்கள்.

கோரஸைத் தடிமனாக்க, அதே வரியை இன்னொரு முறை பாடி மேலே அடுக்கலாம். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்கு இப்படி இரண்டாம் முறை பாடுவது பிடிக்காது. 1966-இல் ஆபி ரோடு ஸ்டுடியோவின் பொறியாளர் கென் டவுன்சென்ட் டேப்பை வைத்தே இரட்டைக் குரல் வரவழைக்கும் முறையைக் கண்டுபிடித்ததற்கு அந்த அலுப்பும் ஒரு காரணம். நமக்கு நிஜமாகவே இரண்டு முறை பாடுவதுதான் எளிது.

6. வெளியிடுவது

யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமைதாரரிடமிருந்து உரிமைக் கோரிக்கை வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும், விளம்பரப் பணம் மட்டும் அவர்களுக்குப் போகும். பொழுதுபோக்குக்காகச் செய்பவர்கள் பதற வேண்டியதில்லை. கரோக்கி டிராக்கைத் தயாரித்தவருக்கும் தனி உரிமை உண்டு என்பதால், அவருடைய நிபந்தனைகளைப் படித்துவிட்டு ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு முறையான உரிமம் வாங்க வேண்டும்.

முடித்த பாட்டை எம்பி3 ஆக்கிய கையோடு மற்றதை அழித்துவிடாதீர்கள். வெறும் குரல் மட்டும் உள்ள வேவ் கோப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். காது பழகப் பழகக் கலவையை மாற்றத் தோன்றும், அப்போது அது தேவைப்படும்.