கூட்ட அறையில் எதிரொலி: சரிசெய்த விதம்

ஒரே அறையில் நாலு பேர் ஆளுக்கொரு மடிக்கணினியில் ஜூம் கூட்டத்தில் சேர்ந்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். எதிரொலி நீக்கும் மென்பொருளுக்குத் தன் ஸ்பீக்கரில் வரும் ஒலி மட்டுமே தெரியும். பக்கத்து மடிக்கணினியின் ஒலி அதற்குப் புதுக் குரல், அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ஒருவரைத் தவிர மற்றவர்கள் மைக்கை மியூட் செய்வது போதாது, ஸ்பீக்கரும் அடங்க வேண்டும்.

மேசை நடுவில் மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றாக உள்ள ஒரு யூ.எஸ்.பி. ஸ்பீக்கர்ஃபோன் வைத்து, ஒரே மடிக்கணினியில் இணைத்தேன். மற்றவற்றில் ஆடியோ பட்டனை ஒட்டிய அம்புக்குறியை அழுத்தி 'லீவ் கம்ப்யூட்டர் ஆடியோ' கொடுத்தாயிற்று. திரை பகிர இதனால் தடையில்லை. கூகுள் மீட் என்றால், மைக்கும் ஸ்பீக்கரும் இல்லாமல் இணையும் 'கம்பேனியன் மோட்' என்பதைச் சேரும்போதே தேர்ந்தெடுக்கலாம். இந்த வசதி உண்மையிலேயே அருமை.

பிறகும் எதிரொலி இருந்தால், யாருக்குத் தன் குரல் திரும்பக் கேட்கவில்லையோ அவர் பக்கம்தான் பெரும்பாலும் கோளாறு. முதலில் அவரை மியூட் செய்து பாருங்கள்.