குயில்ட் கிட்: துணியில் கட்டர் வைப்பதற்கு முன்

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் குயில்ட் தைக்கிறவர்கள் கூடுவோம். குயில்ட் என்றால், துண்டு துண்டாகச் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, பின்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை. பிளவுஸ், சுடிதார் தைத்துப் பழகிய கையோடு வரும் நம் பெண்கள் பலர் முதலில் வாங்குவது கிட்தான். உள்ளே அழகாக மடித்து ரிப்பன் கட்டிய துணிகள், எப்படி வெட்டித் தைப்பது என்று சொல்லும் ஒரு பேட்டர்ன், மேலே ஒரு படம். வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும், முன்பு நாங்கள் சறுக்கிய அதே இடத்தில் சறுக்குவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஊசி மாற்றாதது, இஸ்திரி போடாமல் வெட்டுவது, கால் இஞ்ச் விட்டுத் தைக்கும் தையல் கோணிப்போவது எல்லாம் நாலு வாரத்தில் தானாகப் பிடிபட்டுவிடும். போன காசும் துணியும் திரும்பி வராத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முழுப் பேட்டர்னையும் படிக்காமல் வெட்டத் தொடங்குவது

கிட்டில் துணி கணக்காகத்தான் வரும். வெட்டுவதில் ஒருமுறை கை தவறினால் தாங்கும் அளவுக்கு மிச்சம் இருந்தால் அதிர்ஷ்டம்.

குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், கை சுத்தமானவள். அவளுடைய கிட்டில், குயில்ட்டைச் சுற்றி வரும் பார்டருக்குக் கருநீலத்தில் ஒரு துணி. துணியின் ஓரக் கரையை ஒட்டி நீளவாக்கில் கொடி ஓடும் டிசைன். மொத்தம் 2¼ கஜம், அதாவது 81 அங்குல நீளம், 42 அங்குல அகலம். பேட்டர்ன் கேட்டது 72 அங்குல நீளத்தில், 6½ அங்குல அகலத்தில் நான்கு பட்டைகள். நீளவாக்கில் அவற்றை முதலில் வெட்டிவிட்டால் 26 அங்குலம் போக, 16 அங்குல அகலத்துக்குத் துணி நெடுக மிஞ்சும். குயில்ட்டின் மேல்பக்கத்தில் வரிசையாகச் சேர்க்கும் கட்டங்களான பிளாக்குகளுக்கு வேண்டிய 5 அங்குலச் சதுரங்களை அதிலேயே எடுத்துக்கொள்ளலாம். கிட் போட்டவர் போட்ட கணக்கு அதுதான்.

அவள் பேட்டர்னை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் பின்பற்றினாள். முதல் பக்கத்தில் பிளாக், கடைசிப் பக்கத்தில் பார்டர். சதுரங்களுக்காகத் துணியின் குறுக்கே மூன்று பட்டை வெட்டினாள். 15 அங்குலம் போயிற்று. நீளத்தில் மிச்சம் 66. பிளாக்குகளை எல்லாம் தைத்து, சேர்த்து, மூலைகள் அத்தனை நேர்த்தியாகப் பொருந்தியிருக்க, பார்டருக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

"அக்கா, ஆறு இஞ்ச் பத்தலக்கா."

பிளெயின் துணியாக இருந்திருந்தால் ஒட்டுப் போட்டுச் சமாளித்திருக்கலாம். கொடி ஓடும் துணியில் ஒட்டு கண்ணில் படாமல் இருக்க, டிசைனை டிசைனோடு பொருத்த வேண்டும். அதற்கு இன்னும் அதிகமாகத் துணி வேண்டும். கடையில் கேட்டால் அந்த வரிசை தீர்ந்து நாளாகிவிட்டது என்றார்கள். குயில்ட் துணி கம்பெனிகள் பெரும்பாலும் ஒரு டிசைன் வரிசையை அச்சிட்டு விற்றுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். தள்ளுபடியில் வரும் கிட்டுகளில் பலவும் அப்படித் தீர்ந்துகொண்டிருக்கும் வரிசைகள்தான். வேறு ஊர்க் கடைகளில் தேடலாமென்றால் துணியின் பெயர் தெரிய வேண்டும். அது கரையில் அச்சிட்டிருக்கும்; கம்பெனிப் பெயரும், எந்தெந்த நிறத்தில் அச்சிட்டார்கள் என்று காட்டும் புள்ளிகளும் அங்கேதான் இருக்கும். அந்தக் கரையை அவள் முதல் நாளே நறுக்கிக் குப்பையில் போட்டிருந்தாள்.

அவளைக் கோபிக்க என்ன இருக்கிறது? எனக்கு எரிச்சல் பேட்டர்ன் எழுதுகிறவர்கள் மேல்தான். "பார்டரை முதலில் நீளவாக்கில் வெட்டி எடுத்து வையுங்கள்" என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டால் போதும். நல்ல பேட்டர்ன்கள் போடுகின்றன. போடாதவை இன்றும் விற்கின்றன, ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருத்தி அரைக் குயில்ட்டோடு வந்து நிற்கிறாள்.

ஆகவே கிட் வீட்டுக்கு வந்த அன்றே பிரித்துவிடுங்கள். அலமாரியில் வைத்து அடுத்த வருடம் பிரித்தால், துணி குறைந்திருந்தாலும் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு துணியையும் அளந்து பட்டியலோடு சரிபாருங்கள். கரைகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு பேட்டர்னைக் கடைசிப் பக்கம் வரை படித்து, எந்தத் துணியிலிருந்து என்னென்ன துண்டு என்று துணிவாரியாக எழுதுங்கள். நீளமான துண்டு எப்போதும் பட்டியலின் தலைப்பில். முடிந்தால் கிட் வாங்கும்போதே பார்டர் துணியிலும் பிளாக்குகளின் பின்னணித் துணியிலும் அரைக் கஜம் கூடுதலாக வெட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு பிளாக்கைப் பழைய தலையணை உறையில் வெட்டித் தைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கிட் துணியில் கை வையுங்கள்.

ஜெல்லி ரோலைத் துவைப்பது

கூடாது. 2½ அங்குல அகலத்தில் வெட்டிச் சுருட்டி விற்கும் பட்டைகள்தான் ஜெல்லி ரோல்; துவைத்தால் பிசிறு பிசிறாகிச் சுருங்கி வரும்.

மேலே இருக்கும் படத்தை நம்புவது

பல படங்கள் கம்ப்யூட்டரில் வரைந்தவை. தைத்து முடித்த குயில்ட்டின் போட்டோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாதத்துக்கு ஒரு பிளாக் என்று வரும் கிட்டை முதல் கிட்டாக எடுப்பது

பாதியில் நிற்கும். நிறையப் பார்த்துவிட்டேன்.

கிட் விலைதான் குயில்ட் விலை என்று நினைப்பது

பெரும்பாலான கிட்டுகளில் மேல்பக்கத் துணியும் ஓரம் கட்டும் பட்டையும் மட்டுமே இருக்கும். பின்பக்கத் துணியும் நடுவில் வைக்கும் பேட்டிங்கும் உங்கள் பொறுப்பு. 60க்கு 72 அங்குலக் குயில்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் 4 அங்குலம் கூட விட்டால் பின்பக்கம் 68க்கு 80 வேண்டும். 42 அங்குல அகலத் துணியில் இரண்டு நீளம் சேர்த்தாக வேண்டும், ஏறக்குறைய 4 கஜம். கஜம் 12 டாலர் என்றாலும் 48 டாலர். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க லாங்ஆர்ம் என்னும் பெரிய குயில்ட் மிஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்தால் சதுர அங்குலக் கணக்கு: 60 பெருக்கல் 72, 4320. அங்குலத்துக்கு 2 சென்ட் என்றாலே 86 டாலர் தாண்டுகிறது. பேட்டிங் தனி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு கிட்டை வண்டியில் போடுங்கள்.

கிட் வாங்குகிறவர்களை இளக்காரமாகப் பேசுவது

இது பழகியவர்கள் செய்யும் தவறு. "அடுத்தவர் தேர்ந்தெடுத்த துணி, இதில் உன்னுடையது என்ன இருக்கிறது?" என்று முகத்துக்கு நேரே கேட்பவர்களைக் கண்டிருக்கிறேன். இண்டியானா மாநிலத்து மேரியன் ஊரில் குயில்ட் டிசைனர் மேரி வெப்ஸ்டர் 1921ல் தொடங்கிய கம்பெனி, பேட்டர்னாகவும் கிட்டாகவும் தைத்து முடித்த குயில்ட்டாகவும் விற்றது. கிட் வாங்கித் தைத்த அந்தக் காலத்துப் பெண்களின் குயில்ட்டுகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். மேரி வெப்ஸ்டரின் வீடு இன்று குயில்ட்டர்களின் புகழ்மன்றமாக இருக்கிறது.

வெளிர் எது, அடர்வு எது, கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது புதிதாக வருகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. அனுபவப்பட்டவர் சேர்த்து வைத்த பன்னிரண்டு துணிகளைக் கையில் எடுத்து, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துத் தைக்கும்போது அது கைவழியாக வந்து சேரும். அதே பன்னிரண்டையும் கடையில் கால் கஜம் கால் கஜமாக வாங்கினால் பாதி மிஞ்சிப் பெட்டியில் கிடக்கும்.

முதல் கிட் 50க்கு 60 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். முழுக்கச் சதுரமும் பட்டையுமாக இருக்கட்டும். முக்கோணம் இருந்தால், மூலைவாக்கில் வெட்டிய பக்கத்தில் துணி இழுபடும். அதை இரண்டாவது கிட்டில் பார்த்துக்கொள்ளலாம்.