“ஒரே ஒரு ராத்திரிதானே?” – கிரெனடாவிலிருந்து டிரினிடாடுக்குப் பாய்ப்படகில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கரீபியன் தீவுகளில் பாய்ப்படகோடு சுற்றுகிறவர்களுக்கு மே, ஜூன் என்றாலே மூட்டை கட்டும் மாதங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக்கில் புயல் பருவம். அதற்குள் படகைத் தெற்கே கொண்டுபோய்விட வேண்டும். கிரெனடாவே போதும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அந்தத் தீவைச் சிதைத்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் பக்கத்திலிருக்கும் கரியாக்கூவைத் தரைமட்டமாக்கியது. அதனால் இன்னும் கொஞ்சம் தெற்கே, டிரினிடாடின் சாகுவராமஸ் துறைமுகம் வரை போய்ப் படகைக் கரையேற்றி வைப்பவர்கள் நிறைய.

தூரம் 80 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. மாலையில் கிளம்பினால் காலையில் அங்கே இருக்கலாம். இந்த வழியில் நடக்கும் தவறுகளில் பாதி, “ஒரே ராத்திரிதானே” என்ற நினைப்பிலிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம். பத்து நாள் பயணம் என்றால் ஒவ்வொரு திருகையும் சோதித்துப் பார்க்கிற அதே ஆள், இதற்கு மட்டும் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நங்கூரத்தைத் தூக்கிவிடுகிறார்.

முதலில் நாள் குறிப்பது. காப்பீட்டு நிறுவனம் ஒரு தேதியும் ஒரு அட்சரேகையும் சொல்லியிருக்கும். அந்தத் தேதிக்குள் அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருக்க வேண்டும். கரையேற்றும் இடத்தில் கிரேனுக்கு நாள் வாங்கியாயிற்று, விமான டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அப்புறம் வானிலையைப் பார்த்தால், பார்க்கிற கண்ணே சாய்ந்துவிடும். ஜூனில் ஆப்பிரிக்கா பக்கமிருந்து வெப்பமண்டல அலைகள் மூன்று நான்கு நாளுக்கு ஒன்றாக வரத் தொடங்கும். அவை எல்லாம் புயலாவதில்லை. ஆனால் ஒன்று கடந்துபோகும் இரவில் திடீர்க் காற்றும் இடியும் கொட்டும் மழையுமாக இருக்கும். இரண்டு அலைகளுக்கு நடுவே கிடைக்கும் இரவுதான் நம்முடையது. அதற்காகக் காத்திருக்க ஒரு வாரமாவது கையில் வேண்டும். டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள்.

அடுத்தது நீரோட்டம். பலரும் ஏமாறுவது இதில்தான். கிரெனடாவின் தெற்குக் கரையிலிருந்து பார்த்தால் டிரினிடாட் நேர் தெற்கே. வரைபடத்தில் கோடு போட்டு, அந்தத் திசையிலேயே சுக்கானைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் கரையை விட்டு விலகியதும், மேற்கு நோக்கி ஓடும் வெதுவெதுப்பான பெருநீரோட்டம் படகைப் பக்கவாட்டில் இழுக்க ஆரம்பிக்கும். வேகம் 1 முதல் 2 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) வரை இருக்கும். 1.5 நாட் என்றே வைத்துக்கொள்வோம். 14 மணி நேரத்தில் 21 கடல் மைல் மேற்கே! விடியும்போது எதிரே தெரிவது டிரினிடாட் இல்லை, வெனிசுவேலாவின் பாரியா தீபகற்பம். அங்கிருந்து காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராக எஞ்சினை உறும விட்டு ஊர்ந்துவர வேண்டும். 5.5 நாட் வேகத்தில் போகும் படகு இந்த இழுப்பைச் சமாளிக்க, கோட்டிலிருந்து ஏறக்குறைய 16 டிகிரி கிழக்கே முகத்தைத் திருப்பி வைக்க வேண்டும். இந்தப் பருவத்தில் காற்று தென்கிழக்குப் பக்கமாகச் சாய்வது சகஜம். சாய்ந்துவிட்டால் கிழக்கே ஏறுவது கடினம். ஆகவே இரவின் முதல் பாதியிலேயே கிழக்கு தூரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பருவ முடிவில் படகும் களைத்திருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். ஆறு மாத வெயில் பாய்த் தையலை அரித்திருக்கும். அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டு அரை நாட் வேகத்தைத் தின்றிருக்கும். எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய பயம் டீசல் தொட்டிதான். தீவுகளின் மறைவில் நங்கூரமிட்டுக் கிடந்த மாதங்களில் தொட்டியின் அடியில் சேறும் தண்ணீரும் தங்கியிருக்கும். திறந்த கடலின் குலுக்கலில் எல்லாம் கலங்கிப் போய் ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் நிற்பதும் பெரும்பாலும் தேவைப்படும் நேரத்தில்தான். கிளம்பும் முன் தண்ணீரை வடித்து, ஃபில்டரை மாற்றி, மாற்று ஃபில்டர் ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அப்படியே கீழே போய் அடியையும் சுரண்டிவிடுங்கள்.

பாயை இருட்டுவதற்கு முன்பே சுருக்கிவிடுவது நல்லது. ராத்திரியில் மழைமேகம் வருவது கண்ணுக்குத் தெரியாது. காற்று வரும் பக்கத்தில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைவதுதான் அடையாளம். அதைப் பார்த்த பிறகு எழுந்து முன்தளத்துக்கு ஓடுவது ஆபத்து. யார் காவலில் இருந்தாலும், இடுப்புக் கயிற்றை மாட்டாமல், இன்னொருவரை எழுப்பாமல், தளத்தில் கால் வைக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். இருட்டில் விழுந்தவரின் தலை சில நொடிகளில் அலைக்குள் மறைந்துவிடும்.

விளக்குகளிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. பாய்மர உச்சியில் இருக்கும் மூவண்ண விளக்கு பாயில் மட்டும் ஓடும்போது போடுவதற்கு. காற்று குறைந்து எஞ்சினைப் போட்டுவிட்டால், பாய் விரிந்திருந்தாலும் விதிப்படி நீங்கள் இயந்திரப் படகு. மூவண்ண விளக்கை அணைத்து, கீழே உள்ள பக்க விளக்குகளையும் பின் விளக்கையும் முன்நோக்கும் வெள்ளை விளக்கையும் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எதிரே வரும் கப்பல்காரருக்கு ஒன்றும் புரியாது.

நடுநிசி தாண்டி இரண்டு மணிவாக்கில், ஹைபிஸ்கஸ் எரிவாயு மேடை ஒரு சிறு ஊர் மாதிரி எரிந்துகொண்டு தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் இருட்டுக்குப் பழகிய கண் போய்விடும். திரும்பப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். விளக்கில்லாத மீன்பிடிப் படகுகள் அந்தப் பக்கம் உண்டு. கிழக்குப் பக்கமாக, நன்றாகத் தள்ளிப் போங்கள். 2015 டிசம்பரில் இந்தக் கடலில் பாய்ப்படகுகளில் கொள்ளையர் ஏறியதும் நடந்திருக்கிறது. அதனால் பயணத் திட்டத்தை டிரினிடாட் கடலோரக் காவல்படைக்கு முன்பே அனுப்பி, கூட இரண்டு படகாவது சேர்ந்து போவதுதான் சரி. அந்த வாரத்தின் பாதுகாப்பு நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று மதியமே கிளம்பாதீர்கள். இரண்டு மணிக்குக் கிளம்பினால் அதிகாலை நான்கு மணி இருட்டில், டிரினிடாடின் வடமேற்கு முனையில் தீவுகளுக்கு நடுவே இருக்கும் போகாஸ் என்ற கடல் இடுக்குகளின் முன்னே நிற்பீர்கள். 1498-இல் கொலம்பஸ் ‘டிராகனின் வாய்’ என்று பெயர் வைத்த இடம் அது. பாரியா வளைகுடாவின் தண்ணீர் அந்த இடுக்குகள் வழியே வடக்கே பாயும். கடல் இறங்கும் வற்றத்தின்போது இன்னும் வேகமாக. உள்ளே வரும் ஏற்றத்தின் நேரத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் அந்த இடுக்குகளில் ஒன்றான போகா டி மோனோஸ் வழியாக நுழையுங்கள். மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிவாக்கில் அங்கே இருப்பீர்கள்.

உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஸ்காட்லாந்து பே வரும். பச்சை மலை, அசையாத தண்ணீர். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்ணுக்கு அதைத் தாண்டிப் போவது கஷ்டம்தான். ஆனால் இன்னும் பதிவு முடியவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு நேரே சாகுவராமஸ் சுங்கத் துறைக்குப் போங்கள். பதிவு முடியாமல் இடையில் நங்கூரமிடுவது குற்றம். முத்திரை விழட்டும், அப்புறம் தூங்கலாம்.