பிதர்கனிகா: ரயில் டிக்கெட்டுக்கு முன் ஓதம் பாருங்கள்

போன டிசம்பரில், ஒடிசாவின் பிதர்கனிகா அலையாத்திக் காட்டுக்குள் போகப் படகு ஏறும் கோலா படகுத்துறையில் ஒரு குடும்பம் படகோட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் சுற்றியும் முதலையின் வால்கூடத் தெரியவில்லையாம்; பணத்தைத் திருப்பித் தர வேண்டுமாம். என் முதல் பயணத்தில், அதே துறையில் நானும் இதையேதான் சொன்னேன். நல்லவேளை, தமிழில் சொன்னதால் அந்தப் படகோட்டிக்குப் புரியவில்லை.

தண்ணீரில் கையை விடக் கூடாது, குப்பை போடக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு தப்புகளை. முதலாவது ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது.

ஓதம் பார்க்காமல் படகு ஏறுவது

நம்மவர்கள் பிச்சாவரத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒடிசாவுக்குக் கிளம்புகிறார்கள். பிச்சாவரத்தில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான். எப்போது போனாலும் காடு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பிராமணியும் வைதரணியும் கடலில் கலக்கும் பிதர்கனிகாவிலோ நீர் இரண்டு, மூன்று மீட்டர்கூட ஏறி இறங்கும். ஏற்றத்தின்போது ஓடை ததும்பி மரங்களுக்குள் புகுந்துவிடும். கரை என்று ஒன்றே இருக்காது. வெயில் காய இடமில்லாத முதலை தண்ணீருக்குள் கிடக்கும். நீங்கள் இருபுறமும் பச்சைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள்.

வற்றத்தில் அதே ஓடைக்குப் போய்ப் பாருங்கள். சாம்பல் நிறச் சேறு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். வயிற்றை இழுத்துச் சென்ற தடம் ஒன்று, இரு பக்கமும் நகக்குழிகளோடு சரிவில் ஏறும். அதன் மேல்முனையில் வாயைப் பிளந்தபடி ஓர் உவர்நீர் முதலை. (கோபமில்லை, உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.) நீருடும்பு, உள்ளான்கள், நண்டு பிடிக்க வரும் பழுப்பு இறக்கை மீன்கொத்தி என்று எல்லாவற்றுக்கும் அந்தச் சேறுதான் பந்தி.

ஒடியாவில் ஏற்றத்தை ஜுவார் என்றும் வற்றத்தை பட்டா என்றும் சொல்கிறார்கள். என் முதல் பயணத்தன்று படகோட்டி "பட்டா, பட்டா" என்று மன்றாடினார். காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். நானோ ஏதோ பத்திரம் கேட்கிறார் என்று நினைத்து அனுமதிச் சீட்டை நீட்டினேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பே கோரமண்டல் எக்ஸ்பிரஸில் பத்ரக் வரை டிக்கெட் எடுக்கிறார்கள், அறை பிடிக்கிறார்கள், லென்ஸ் வாடகைக்கு வாங்குகிறார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் ஓத அட்டவணையை மட்டும் ஒருவரும் திறப்பதில்லை. அங்கேதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஓத நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்; போன வாரம் போய்வந்த நண்பரின் நேரம் உங்களுக்கு ஆகாது. பக்கத்திலுள்ள தாம்ரா துறைமுகத்துக்கான அட்டவணையை எடுங்கள். உள் ஓடைகளில் அது எவ்வளவு பிந்தும் என்பதைப் படகோட்டியிடம் கேளுங்கள். குளிர்காலத்தில், காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் நீர் இறங்கிக்கொண்டிருக்கும் நாளாகப் பார்த்து, அதற்குப் பிறகு டிக்கெட் எடுங்கள். முழுக்க வற்றட்டும் என்றும் இருந்துவிடாதீர்கள். சிற்றோடைகளில் படகு தரைதட்டும்.

முதலையும் கூடுகளும் ஒரே பயணத்தில்

நடக்காது. பிதர்கனிகாவுக்குள் பறவைகள் கூடும் பாககஹனாவில் நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவது மழைக்காலத்தில். முதலை கரையேறி வெயில் காய்வதைப் பார்க்கக் குளிர்காலமே தோது. ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள்.

மூடும் நாட்களை விசாரிக்காதது

மே முதல் ஜூலை வரை முதலைகள் முட்டையிட்டு அடைகாக்கும் காலம் என்பதால் உள்ளே விடுவதில்லை. ஜனவரியிலும் கணக்கெடுப்புக்காகச் சில நாட்கள் மூடுவார்கள். பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் சிக்குகிறார்கள். ஆத்திரப்படாதீர்கள். 1975இல் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது அங்கே நூறு முதலைகள்கூட இல்லை. இப்போது 1,800ஐ ஒட்டி இருக்கின்றன.

படகில் பாட்டு

உங்களோடு நான் வர மாட்டேன்.

தொலைநோக்கி இல்லாமல் போவது

இரவல் வாங்குங்கள்.