தேங்காய்ச் சிரட்டைக் கரியின் புறப்பரப்பை நைட்ரஜன் கொண்டு அளக்கும் முறை

தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் கிளர்வூட்டிய கரியில் (நுண்துளைகள் உண்டாகும்படி பதப்படுத்திய கரி), ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் புறப்பரப்பு இருப்பது வழக்கம். இதில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய நுண்துளைகளுக்குள் இருப்பதால், உள்ளே நுழையக்கூடிய வாயு மூலக்கூறுகளைக் கொண்டுதான் அதை அளக்க முடியும். 77 கெல்வினில் ஒரு நைட்ரஜன் மூலக்கூறு 0.162 சதுர நானோமீட்டர் இடத்தை அடைப்பதாகக் கொண்டு, பரப்பு முழுவதையும் ஒற்றை அடுக்காக மூட எத்தனை மூலக்கூறுகள் வேண்டும் என்று கணக்கிடுகிறோம். புருனாயர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவரும் 1938-இல் வெளியிட்ட சமன்பாடே இதற்கு அடிப்படை. அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் இது பிஇடி முறை எனப்படுகிறது.

அளவீட்டின் தரம் பெரும்பாலும் மாதிரியைத் தயார்செய்வதிலேயே முடிவாகிவிடுகிறது. காற்றில் கிடந்த கரியின் துளைகளில் நீராவியும் பிற வாயுக்களும் நிறைந்திருக்கும். அவை வெளியேறாமல் நைட்ரஜன் உள்ளே போக இடமில்லை. ஆகவே மாதிரியை வெற்றிடத்தில் 300 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுவதும், வைத்திருக்க வேண்டும். நேராக 300 டிகிரிக்கு ஏற்றினால், சீறிக் கிளம்பும் நீராவி கரித்தூளை அள்ளிச் சென்று வால்வுகளில் படியவைக்கும் என்பதால், முதலில் 100 டிகிரியில் நிறுத்தி, அழுத்தம் நன்கு குறைந்த பிறகே மேலே செல்லுங்கள். முடிந்ததா என்று அறிய, பம்புக்குச் செல்லும் வால்வை மூடிவிட்டுச் சில நிமிடங்கள் அழுத்தமானியைப் பாருங்கள். அளவு தொடர்ந்து ஏறினால் வாயு இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

வாயு நீக்கத்துக்குப் பிறகு கிடைக்கும் எடையையே கணக்கில் சேர்க்க வேண்டும். இத்தகைய கரிக்கு 0.1 கிராம் மாதிரி போதுமானது. ஆனால் அந்த அளவில் 1 மில்லிகிராம் பிழையே முடிவில் 1 விழுக்காடு பிழையாகிவிடும்.

அளவீட்டின்போது மாதிரிக் குழாயை 77 கெல்வினில் வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் ஆவியாகி அறையின் ஆக்சிஜனைக் குறைக்கக்கூடும். எனவே காற்றோட்டமுள்ள இடத்தில், கண்ணாடியும் உரிய கையுறையும் அணிந்து வேலை செய்யுங்கள். குழாயில் மாதிரி அடைக்காத வெற்றிடத்தின் கொள்ளளவை அளக்கப் பயன்படும் ஹீலியம் குறுகிய துளைகளில் சிக்கிக்கொள்ளலாம் என்பதால், அந்த அளவீட்டை நைட்ரஜன் அளவீடு முடிந்த பிறகு வைத்துக்கொள்வதே நல்லது. நைட்ரஜனைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் அழுத்தம் நிலைபெறும்வரை காத்திருங்கள். மிகக் குறைந்த அழுத்தங்களில் இந்தக் காத்திருப்பு நீளும். அங்கே அவசரப்பட்டால், ஒவ்வோர் அழுத்தத்திலும் கரியின் பரப்பில் கவரப்பட்ட (ஒட்டிக்கொண்ட) வாயு அளவைக் காட்டும் வளைவரை முழுவதும் பிழையாகிவிடும்.

இனிக் கணக்கு. அழுத்தத்தை, அந்த வெப்பநிலையில் நைட்ரஜன் திரவமாக மாறும் நிறைவு ஆவி அழுத்தத்தால் வகுத்தால் சார்பு அழுத்தம் கிடைக்கும். அதை 1-இலிருந்து கழித்து, கவரப்பட்ட வாயுவின் கன அளவால் (திட்ட வெப்ப அழுத்த நிலையில்) பெருக்கி, வரும் எண்ணால் சார்பு அழுத்தத்தை வகுத்து, சார்பு அழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்க வேண்டும். கோட்டின் சாய்வையும் வெட்டுத்துண்டையும் கூட்டி, அதன் தலைகீழியை எடுத்தால், அதுவே ஒற்றை அடுக்குக்கான கன அளவு. அது ஒரு கிராமுக்கு 230 கன சென்டிமீட்டர் என்றால், ஒரு கன சென்டிமீட்டர் வாயு மூடும் பரப்பான 4.35 சதுர மீட்டரால் பெருக்க, ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர்.

எந்தப் புள்ளிகளை எடுப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பாடநூல்கள் சொல்லும் 0.05 முதல் 0.30 வரையிலான எல்லை சிலிக்கா போன்ற பொருள்களுக்குப் பொருந்தும்; சிரட்டைக் கரிக்குப் பொருந்தாது. கவரப்பட்ட அளவை, 1-இலிருந்து சார்பு அழுத்தத்தைக் கழித்த எண்ணால் பெருக்கிப் பாருங்கள். அந்தப் பெருக்கல் ஏறிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் எடுத்து, அதற்கு அப்பாலுள்ள புள்ளிகளை விட்டுவிடுங்கள். வெட்டுத்துண்டு எதிர்க்குறியாக வந்தால் எல்லைத் தேர்வு தவறு என்றே பொருள். குறுகிய துளைகளில் நைட்ரஜன் அடுக்கடுக்காகப் படியாமல் துளையையே நிரப்பிவிடுவதால், கிடைக்கும் எண்ணை ஒப்பிடுவதற்கான தோற்றப் பரப்பாகவே கருத வேண்டும்.

மொத்தத் துளைக் கொள்ளளவுக்கு, 0.95 சார்பு அழுத்தத்தில் கவரப்பட்ட வாயு அளவை, அதைத் திரவக் கன அளவாக மாற்றும் 0.00155-ஆல் பெருக்கினால் போதும். 300 கன சென்டிமீட்டர் வாயு, திரவமாக 0.46 கன சென்டிமீட்டர் ஆகும். துளை அகலப் பரவலை, வாயு வெளியேறும் வளைவரையிலிருந்து பிஜேஎச் முறையில் (பாரெட், ஜாய்னர், ஹலெண்டா ஆகியோரின் பெயரால் அமைந்த துளை அகலக் கணக்கு) கணக்கிட்டால், 3.8 நானோமீட்டர் அருகே ஒரு கூர்முகடு தோன்றலாம். பெரும்பாலும் அது உண்மையான துளை அன்று. சார்பு அழுத்தம் 0.42 அருகே துளைகளிலுள்ள திரவ நைட்ரஜன் நிலைகுலைந்து திடீரென வெளியேறுவதன் விளைவு. வாயு ஏறும் வளைவரையிலும் அது தெரிந்தால் மட்டுமே அறிக்கையில் சேருங்கள்.